பித்தளைக் காப்பும் வெண்கலப் பதக்கமும்: முதல் உலகப் போரில் சீனக் கூலிகள்

முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்கு ஒரு படைப்பிரிவைக்கூட அனுப்பாத சீனா, 1919-இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் வென்ற நாடுகளின் பக்கம் எப்படி உட்கார்ந்தது, வடக்கு பிரான்சின் கோதுமை வயல்களுக்கு நடுவே சீன எழுத்து செதுக்கிய கல்லறைகள் எப்படி வந்தன, இவற்றைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் ஏன் ஒரு வரிகூட இல்லை என்பவை கேட்கப்பட்ட கேள்விகள். முதல் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். சீனா படைக்குப் பதிலாகக் கூலியாட்களை அனுப்பியது. 1916 முதல் 1918 வரை ஏறத்தாழ 1,40,000 சீனர்கள் மேற்குப் போர்முனைக்குச் சென்றார்கள். அவர்களில் சுமார் 95,000 பேரைப் பிரிட்டனும், 40,000-க்குச் சற்றுக் குறைவானவர்களைப் பிரான்சும் ஒப்பந்தத்தில் எடுத்தன. அமெரிக்கா போருக்குள் வந்த பிறகு, பிரான்ஸ் தன்னிடம் இருந்தவர்களில் ஏறத்தாழ 10,000 பேரை அமெரிக்கப் படைக்கு இரவல் கொடுத்தது. ரஷ்யாவும் மூர்மான்ஸ்க் ரயில்பாதை போன்ற வேலைகளுக்குப் பெருந்திரளாகச் சீனர்களை அழைத்துச் சென்றது; அது தனிக் கதை என்பதால் இங்கே மேற்குப் போர்முனையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாவது கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், வரலாறு எளியவர்களை மறந்துவிடும் என்பது. எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. இந்த ஆட்கள் எடுக்கப்பட்ட விதம், ஏற்றிச் செல்லப்பட்ட விதம், எழுதிவைக்கப்பட்ட விதம், திருப்பி அனுப்பப்பட்ட விதம் ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்தால், அவர்களை நினைவில் வைக்கத் தேவையில்லாதபடியே ஏற்பாடு முழுவதும் அமைக்கப்பட்டிருந்தது தெரியும்.

முதலில் சீனாவின் கணக்கைப் பார்ப்போம். ஷாண்டோங் மாகாணத்தின் சிங்தாவ் துறைமுகம் 1898 முதல் ஜெர்மனியின் குத்தகையில் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் கப்பலை நம் ஊர்ப் பேச்சுவழக்கே இன்றுவரை மறக்கவில்லை. அந்தக் கப்பல் புறப்பட்ட தாய்த்துறைமுகம் இந்தச் சிங்தாவ்தான். அதே ஆண்டு நவம்பரில் ஜப்பான் அதைக் கைப்பற்றியது; கைப்பற்றியதைச் சீனாவிடம் திருப்பித் தரும் எண்ணம் அதற்கு இல்லை. போர் முடிந்து பேச்சுவார்த்தை நடக்கும்போது மேசையில் தனக்கும் ஓர் இடம் இருந்தால்தான் ஷாண்டோங்கைக் கேட்டு வாங்க முடியும் என்று பெய்ஜிங்கில் சிலர் கணக்குப் போட்டார்கள். அப்போது சீனா நடுநிலை நாடு. போருக்குள் வருவதை ஜப்பானும் விரும்பவில்லை. அதிபர் யுவான் ஷிகாயின் வலதுகரமாக இருந்த லியாங் ஷியி என்ற அதிகாரி 1915-இல் ஒரு வழி சொன்னார். படைவீரருக்குப் பதிலாகத் தொழிலாளரை அனுப்புவோம் என்பது அவருடைய திட்டம். பிரிட்டனுக்கு மூன்று லட்சம் பேர் தருவதாக அவர் முன்வந்தார். பிரிட்டன் அதைக் காது கொடுத்தும் கேட்கவில்லை.

பிரான்ஸ் கேட்டது. ஆண்கள் எல்லாம் பதுங்குகுழிகளில் இருக்க, ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் ஆள் இல்லாத நிலை அங்கே. 1916 ஜனவரியில் ட்ரூப்தீல் என்ற ஓய்வுபெற்ற கர்னல், வேளாண் வல்லுநர் என்ற பெயரில், ஒரு குழுவோடு பெய்ஜிங் வந்தார். சீனா நடுநிலை நாடு என்பதால் அரசு நேரடியாக ஆள் அனுப்ப முடியாது. அதற்காக ஹுய்மின் என்ற பெயரில் ஒரு தனியார் நிறுவனம் முளைத்தது. மே மாதத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகஸ்டில் முதல் தொகுதி மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. காகிதத்தின்படி இவர்கள் ஒரு தனியார் நிறுவனம் வேலைக்கு அனுப்பிய குடிமக்கள். போருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஜெர்மனி ஆட்சேபித்தபோது சீன அரசு சொன்ன பதிலும் அதுதான். பின்னாளில் இவர்கள் போரில் பங்கெடுத்தவர்களா இல்லையா என்ற குழப்பத்துக்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது.

பிரிட்டன் மனம் மாறியதற்குக் காரணம் சோம் நதிக்கரைப் போர். 1916 ஜூலை முதல் நவம்பர் வரை நடந்த அந்தப் போரில் வெடிமருந்தைச் சுமப்பதற்கும் சாலை போடுவதற்கும் முன்வரிசை வீரர்களையே பின்னால் இழுக்கவேண்டியிருந்தது. ஆனாலும் பிரிட்டனுக்குள் சீனத் தொழிலாளர் என்ற சொல்லே எரிச்சலூட்டுவதாக இருந்தது. 1904-க்குப் பிறகு டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்களைக் கொண்டுபோய்க் கொட்டடியில் அடைத்து வேலை வாங்கிய விவகாரம், ‘சீன அடிமைமுறை’ என்ற முழக்கமாக மாறி 1906 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சியின் தோல்விக்கு ஒரு காரணமாகவே ஆகியிருந்தது. தொழிற்சங்கங்களோ தங்கள் கூலி குறைந்துவிடும் என்று அஞ்சின. எனவே சீனர்களைப் பிரான்சில் மட்டுமே வைத்திருப்பது, பிரிட்டன் மண்ணில் வேலைக்கு வைப்பதில்லை, போர் முடிந்ததும் ஒருவர் விடாமல் திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று. பயன்படுத்தலாம், தங்கவிடக் கூடாது என்பதுதான் இதன் சாரம்.

ஆள் பிடிக்கும் இடமாகப் பிரிட்டனின் குத்தகையில் இருந்த வெய்ஹாய்வெய் அமைந்தது. பிறகு சிங்தாவ் அருகே இன்னொரு முகாமும் திறக்கப்பட்டது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஷாண்டோங் விவசாயிகள். வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் மாகாணம் அது. மஞ்சூரியாவுக்குப் பருவக்கூலியாகப் போய்வருவது அங்கே பல தலைமுறைப் பழக்கம். உயரமான, குளிர் தாங்கும் உடம்பு என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் அவர்களை விரும்பினார்கள்.

அந்த முகாமில் நடந்ததைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஆள் உள்ளே போகிறான். ஆடையைக் களைந்து மருத்துவர் முன் நிற்கிறான். கண்ணிமையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அங்கே பரவலாக இருந்த இமைநோய் தென்பட்டால் அப்போதே வெளியே அனுப்பிவிடுவார்கள். தேறியவனுக்குப் பின்னல் சடை இருந்தால் கத்தரித்து, கிருமிநாசினி கலந்த நீரில் குளிக்கவைத்து, பஞ்சு வைத்துத் தைத்த மேலாடையும் கால்சட்டையும் தருகிறார்கள். ஒப்பந்தத்தை ஒருவர் வாசித்துக் காட்டுகிறார். கையெழுத்துப் போடத் தெரியாதவனிடம் கைரேகை வாங்குகிறார்கள். கடைசியாக, எண் பொறித்த பித்தளைப் பட்டை ஒன்றை மணிக்கட்டில் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்து ஆணியடித்து இறுக்கிவிடுகிறார்கள். தானாகக் கழற்ற முடியாத காப்பு அது. அடுத்த மூன்றாண்டுகளுக்கு அவன் அந்த எண்தான். சம்பளப் பதிவேட்டில், மருத்துவமனைக் குறிப்பில், தண்டனைப் பட்டியலில், இறந்தால் கல்லறையில், எல்லாவற்றிலும் அதே எண். வெள்ளை அதிகாரிகளுக்குச் சீனப் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தன என்பதும், ஓர் ஆளின் பெயரில் இன்னோர் ஆள் கப்பலேறிவிடக்கூடும் என்பதும் இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். நிர்வாகத்துக்கு வசதியான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் நூறாண்டு கழித்துத் தன் பாட்டனாரைத் தேடி வரும் பேரனுக்கு அந்த எண் தெரிந்திருந்தால் ஒழியப் பயனில்லை.

பிரிட்டிஷ் ஒப்பந்தத்தின்படி மூன்றாண்டு வேலை, நாளுக்குப் பத்து மணிநேரம், வாரத்துக்கு ஏழு நாள், சீனப் பண்டிகை நாட்களில் மட்டும் சலுகை. கையில் நாளுக்கு ஒரு ஃபிராங்க். ஊரில் குடும்பத்துக்கு மாதம் 10 வெள்ளி டாலர். கப்பலேறும்போது 20 டாலர் முன்பணம். உணவும் உடையும் இருப்பிடமும் மருத்துவமும் இலவசம். கங்காணிக்குச் சற்றுக் கூடுதல் கூலி. இறந்தால் குடும்பத்துக்கு 150 டாலர். ஷாண்டோங் கிராமக் கணக்கில் இது குறைவான பணம் இல்லை. ஊரில் தங்கிய மனைவிக்கு மாதாமாதம் வந்த அந்த 10 டாலர்தான் ஆள் கிடைத்ததற்கு முதற்காரணம். ஏமாற்றியும் மிரட்டியும் கொண்டுபோனார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை. போர்முனைக்கு அருகே வேலை இராது என்ற வாய்ச்சொல்லை நம்பித்தான் பெரும்பாலோர் போனார்கள் என்பதே ஆவணங்களோடு பொருந்துகிறது. ஏமாற்று இருந்தது அந்த இடத்தில்தான்.

ஒரு சொல்லைப் பற்றி இடையில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர்கள் இவர்களைக் குறித்த ‘கூலி’ என்ற சொல், வேலைக்கான ஊதியத்தைக் குறிக்கும் நம் தமிழ்ச்சொல்லிலிருந்து போனது என்று கருதுவோர் பலர். குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. சீனர்கள் அதே ஒலிக்குத் தங்கள் எழுத்தில் ‘குலி’ என்று இரண்டு எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். முதல் எழுத்துக்குக் கசப்பு, இரண்டாவதற்கு வலிமை என்று பொருள். தமிழில் வாங்குவதைச் சொன்ன சொல், சீனத்தில் கொடுப்பதைச் சொல்லும் சொல்லாகிவிட்டது.

1917 ஜனவரி 18 அன்று வெய்ஹாய்வெய்யிலிருந்து பிரிட்டனின் முதல் கப்பல் ஆயிரத்துச் சொச்சம் பேரோடு புறப்பட்டு, ஏப்ரலில் அவர்களைப் பிரான்சில் சேர்த்தது. அதற்குள் கடல் தன் கணக்கைக் காட்டிவிட்டது. பிப்ரவரி 17 அன்று, பிரான்ஸ் எடுத்த தொழிலாளர்களை ஏற்றி வந்த ஆத்தோஸ் என்ற கப்பலை மால்டாவுக்கு அருகே ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. இறந்த 750 பேரில் 543 பேர் சீனர்கள். அதன் பிறகு பிரிட்டன் மத்தியதரைக் கடல் வழியைத் தவிர்த்து, பெரும்பாலோரைப் பசிபிக் கடந்து கனடா வழியாக அனுப்பியது.

கனடாப் பயணம் இந்த வரலாற்றின் மிக விசித்திரமான பகுதி. சீனர் ஒருவர் கனடாவுக்குள் நுழையவேண்டுமானால் 500 டாலர் தலைவரி கட்டவேண்டும் என்று 1903 முதல் சட்டம் இருந்தது. இப்போது 84,000 சீனர்கள் அந்த நாட்டைக் குறுக்கே கடக்கவேண்டும். வரி தள்ளுபடி செய்யப்பட்டது. கூடவே ஒருவரும் அங்கே இறங்கித் தங்கிவிடக் கூடாது என்பதற்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வான்கூவர் தீவின் வில்லியம் ஹெட் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தில் காத்திருந்து, வான்கூவரில் ரயில் ஏறினால், கிழக்குக் கரை வரை கதவுகளில் காவல். ரயில் நின்றாலும் இறங்கக் கூடாது. வழியில் இருந்த ஊர்களின் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதக் கூடாது என்று தணிக்கை. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போயிருக்கிறார்கள். அக்காலச் செய்தித்தாள்களைப் புரட்டினால் அப்படியொரு பயணம் நடந்த சுவடே தெரியாது. வரலாறு அவர்களைத் தவறவிட்டது என்று சொல்லும்போது, எழுதாதே என்று முத்திரை குத்திய கைகளையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பிரான்சில், பிரிட்டன் அமைத்த சீனத் தொழிலாளர் படையின் தலைமையிடம் சோம் நதி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள நோயெல்-சுர்-மேர் என்ற சிற்றூர். முகாம், சீனர்களுக்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை, சிறைக்கூடம் எல்லாம் அங்கே. ஏறத்தாழ 500 பேர் ஒரு கம்பெனி. பதினைந்து பேருக்கு ஒரு கங்காணி. மொழி பெரும் இடராக இருந்தது. சீனாவில் பணியாற்றிய மதபோதகர்களில் பலரை அதிகாரிகளாகச் சேர்த்துக்கொண்டும் போதவில்லை. ‘போகலாம்’ என்ற பொருளில் ஆங்கிலேயர் கத்திய ‘கோ’ என்ற ஆணை, வடசீனர் காதில் ‘நாய்’ என்று விழுந்து வேலை நின்றுபோன கதையைப் பலரும் சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு மொழி தெரியாமல் வேலை வாங்கிய சூழலுக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

வேலை என்றால் பெரும்பாலும் மண்வெட்டியும் சுமையும்தான். கப்பலிலிருந்து மூட்டை இறக்குவது, குண்டுகளை ரயிலில் ஏற்றுவது, தண்டவாளம் பதிப்பது, மரம் அறுப்பது, பதுங்குகுழி வெட்டுவது, சாலைக்குக் கல் உடைப்பது. பிரான்ஸ் எடுத்த ஆட்கள் வெடிமருந்து ஆலைகளிலும் உருக்காலைகளிலும் இருந்தார்கள். ஆனால் ஒரு வேலையைத் தனியாகச் சொல்லவேண்டும். 1917 நவம்பர் 20 அன்று காம்ப்ரே என்ற இடத்தில் பிரிட்டன் 476 டாங்கிகளை ஒரே நேரத்தில் களமிறக்கியது. டாங்கிகளைப் பெருந்திரளாகப் பயன்படுத்திய முதல் போர் என்று இராணுவ வரலாறு அதைக் கொண்டாடுகிறது. ஜெர்மானியர் வெட்டியிருந்த பதுங்குகுழிகள் டாங்கி தாண்ட முடியாத அகலம் கொண்டவை. அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். சுள்ளிக்கட்டுகளை டஜன்கணக்கில் சேர்த்துச் சங்கிலியால் கட்டி, ஒன்றரை டன்னுக்கும் அதிக எடையுள்ள பெரும் உருளையாக்கி, டாங்கியின் தலையில் ஏற்றிப் போய்க் குழிக்குள் தள்ளிவிட்டு அதன்மேல் ஏறிக் கடப்பது. சங்கிலியை இறுக்க மனித பலம் போதாது என்பதால், இரண்டு டாங்கிகளை எதிரெதிர்த் திசையில் இழுக்கவிட்டு இறுக்கினார்கள். முந்நூற்றுக்கும் மேற்பட்ட அத்தகைய கட்டுகளைச் சில வாரங்களுக்குள் இரவுபகலாகச் செய்துமுடித்தவர்கள் டாங்கிப் படையின் மையப் பட்டறையில் இருந்த ஏறத்தாழ ஆயிரம் சீனர்கள். சேறு படிந்த சுள்ளிகளைத் தோளில் சுமந்து காட்டிலிருந்து கொண்டுவந்தவர்களும் அவர்களே. அந்தப் பட்டறையில் டாங்கிகளைப் பழுதுபார்த்த சீனக் கம்மியர்களும் இருந்தார்கள். காம்ப்ரே பற்றிய நூல்களில் சுள்ளிக்கட்டு தவறாமல் வரும். கட்டியவர்கள் அரிதாகவே வருவார்கள்.

போர்முனைக்கு அருகே வேலை இராது என்ற வாக்குறுதிக்கு வருகிறேன். நெடுந்தூர பீரங்கியும் விமானமும் வந்துவிட்ட போரில் அருகு எது, தொலைவு எது? 1917 ஆகஸ்ட் 14 அன்று சீனா ஜெர்மனி மீது போர் அறிவித்த பிறகு, நடுநிலை என்ற மறைப்பும் போய்விட்டது. அந்த ஆண்டு நவம்பர் 15 அன்று பெல்ஜியத்தில் போப்பரிங்கெ ஊருக்கு அருகே பூஸபோம் என்ற இடத்தில் ஜெர்மானியரின் வான்தாக்குதலில் 13 சீனர்கள் ஒரே இரவில் இறந்தார்கள். நூறாண்டு கழித்து, 2017-இல் அங்கே ஒரு நினைவிடம் எழுந்தது. குண்டு விழுந்த இடங்களில் வேலைக்குப் போக மறுத்தும், உணவு, அடி, ஏச்சு ஆகியவற்றை எதிர்த்தும் பல முகாம்களில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஒப்பந்தத்தில் அவர்கள் குடிமக்கள். தண்டனையில் இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். ஆகவே வேலைநிறுத்தம் கலகமாகக் கருதப்பட்டது; சில இடங்களில் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. கொலைக் குற்றத்துக்காகப் பத்துச் சீனர்களைப் பிரிட்டிஷ் இராணுவம் மரண தண்டனைக்கு உள்ளாக்கியது. கொலைகள் உண்மையில் நடந்தவைதாம். முகாம்களில் சூதாட்டக் கடனும் பழைய பகையும் இருந்தன. இவர்களை எல்லோரும் சாதுக்கள் என்று வரைவதும் ஒருவகை அவமரியாதையே.

1918 நவம்பரில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. படைவீரர்கள் வீடு திரும்பினார்கள். சீனர்களின் ஒப்பந்தம் முடியவில்லை. வடக்கு பிரான்சும் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸும் அப்போது கண்ணுக்கெட்டிய வரை குழி, முள்வேலி, இடிபாடு, வெடிக்காத குண்டு. அந்த நிலத்தைச் சீராக்கும் வேலை இவர்கள் தலையில் விழுந்தது. முள்கம்பியைச் சுருட்டினார்கள், குழிகளை மூடினார்கள், குண்டுகளைப் பொறுக்கினார்கள், பிணங்களைத் தோண்டி எடுத்து முறையான கல்லறைகளுக்கு மாற்றுவதற்கும் உதவினார்கள். போர் முடிந்த பிறகும் குண்டு வெடித்து இறந்தவர்கள் உண்டு. அகதிகளாகப் போய்த் திரும்பி வந்த ஃபிளாண்டர்ஸ் விவசாயிகள், தங்கள் இடிந்த வீடுகளுக்கு அருகே நீலச் சட்டை அணிந்த அந்நியர்களைக் கண்டு அஞ்சினார்கள். திருட்டு, கொள்ளை எதுவானாலும் பழி சீனர்மேல் விழுந்தது. பெல்ஜியம் அவர்களை விரைவில் அப்புறப்படுத்தும்படி கேட்டது. நிலத்தைச் சுத்தம் செய்தவர்களைப் பற்றி அந்த நிலத்தில் எஞ்சிய நினைவு நெடுங்காலம் அச்சமாகவே இருந்தது. வெடித்துத் தீர்ந்த பித்தளைக் குண்டுக்கூடுகளில் அவர்கள் ஓய்வு நேரத்தில் பொறித்த டிராகன்களும் பூக்களும் மட்டும் பல வீடுகளின் அடுப்பு மேடையில் பூச்சாடிகளாக நின்றன.

இந்தக் கதையில் சீனாவை உள்ளிருந்து மாற்றிய பகுதி ஒன்று உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் படித்துமுடித்த யான் யாங்சூ என்ற இளைஞர், ஜேம்ஸ் யென் என்று மேலைநாட்டார் அறிந்தவர், 1918-இல் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் பூலோன் முகாமுக்கு வந்தார். தொழிலாளர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பது அவருடைய மாலைநேர வேலை. எழுதி மாளவில்லை. ஒருநாள் எல்லோரையும் கூட்டி, இனி நான் எழுதித் தரமாட்டேன், எழுதக் கற்றுத்தருகிறேன், யார் வருகிறீர்கள் என்று கேட்டாராம். முதலில் சிரிப்பு, பிறகு நாற்பது பேர் அளவில் முன்வந்தார்கள். அன்றாடம் தேவைப்படும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகளைத் தேர்ந்து அவர் பாடம் அமைத்தார். 1919 ஜனவரியில் தொழிலாளர்களுக்கென ஒரு வார இதழையும் தொடங்கினார். அதைப் படித்த தொழிலாளி ஒருவர், இதழின் விலை இவ்வளவு குறைவாக இருந்தால் அது நின்றுவிடுமே என்று கவலைப்பட்டு, தன் சேமிப்பு 365 ஃபிராங்கையும் அனுப்பிவைத்தார் என்று யென் பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். நாளுக்கு ஒரு ஃபிராங்க் கூலி என்பதை நினைத்தால் அது ஒரு முழு ஆண்டின் உழைப்பு. யென் ஊர் திரும்பிச் சீனாவின் மாபெரும் மக்கள் எழுத்தறிவு இயக்கத்தையும், டிங் மாவட்டத்தில் கிராமச் சீரமைப்புச் சோதனையையும் நடத்தினார். கூலிகளிடம் தான் கற்றதுதான் அதன் மூலம் என்பதை அவர் மறைக்கவில்லை. 1918 நவம்பரில் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் தலைவர் சாய் யுவான்பெய், தியானன்மென் வாயிலில் நடந்த வெற்றிக் கூட்டத்தில் உழைப்பு புனிதமானது என்று முழங்கியதற்கும் பின்னணியில் இந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

இனி மாநாட்டுக் கதை. 1919-இல் பாரிஸில் ஜப்பானுக்கு ஐந்து இருக்கைகள், சீனாவுக்கு இரண்டு. இளம் தூதர் வெலிங்டன் கூ ஜனவரி 28 அன்று ஷாண்டோங்குக்காக வாதாடிய பேச்சு மாநாட்டில் பலரைக் கவர்ந்தது. ஆனால் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஜப்பானியக் கடற்படையின் உதவிக்கு ஈடாக, ஷாண்டோங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்கே பெற்றுத்தர ஆதரவு தருவதாகப் பிரிட்டன் 1917 பிப்ரவரியில் இரகசியமாக வாக்களித்திருந்தது. தேதியைக் கவனியுங்கள். ஷாண்டோங் ஆட்களோடு முதல் பிரிட்டிஷ் கப்பல் கடலில் போய்க்கொண்டிருக்கிறது. ஆத்தோஸ் மூழ்கிய அதே வாரத்தில், அவர்கள் ஊரை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் கடிதம் டோக்கியோவில் கைமாறுகிறது. 1919 ஏப்ரல் இறுதியில் ஷாண்டோங் ஜப்பானுக்கே என்று முடிவானது. அதன் எதிரொலியாக வெடித்ததே மே 4 மாணவர் கிளர்ச்சி. ஜூன் 28 அன்று வெர்சாயில் சமாதான உடன்படிக்கையில் சீனத் தூதுக்குழு கையெழுத்திடப் போகாமல் இருக்கும்படி, பாரிஸில் இருந்த சீன மாணவர்களும் தொழிலாளர்களும் தூதுக்குழுத் தலைவர் லு ஜெங்ஷியாங் தங்கியிருந்த இடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். சீனா கையெழுத்திடவில்லை. ஷாண்டோங் திரும்பிவர 1922 ஆயிற்று. தொழிலாளரைக் கொடுத்து ஷாண்டோங்கை வாங்கலாம் என்ற லியாங் ஷியியின் கணக்கு, அந்தத் தொழிலாளர்களின் சொந்த மாகாணத்திலேயே பொய்த்தது. தோற்றுப்போன பேரத்தின் நினைவு என்பதால் சீன அரசுகளும் இவர்களைப் பற்றிப் பேச நெடுங்காலம் ஆர்வம் காட்டவில்லை. வெளிநாட்டானுக்குக் கூலிவேலை செய்யப் போனவர்கள் என்ற கூச்சமும் அதில் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

பிரிட்டன் தந்த அங்கீகாரத்தையும் பார்த்துவிடலாம். போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர் ஒவ்வொருவருக்கும் கிடைத்த போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது. சீனத் தொழிலாளர் படைக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் தரப்பட்டது. விளிம்பில் எண்ணும் படைப்பிரிவின் பெயரும் உண்டு. ஆளின் பெயர் இல்லை. மணிக்கட்டுக் காப்பின் எண் பதக்கத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். இந்தியாவின் வடகிழக்கு மலைகளிலிருந்தும் ராஞ்சிப் பக்கத்திலிருந்தும் பிரான்சுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர் படையினருக்கும் இதே வெண்கலம்தான்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு விடை, யாருடைய பதிவேட்டை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கல்லறைப் பதிவுகளை வைத்துச் சொல்பவர்கள் ஏறத்தாழ 2,000 என்பார்கள். சீன ஆய்வாளர் சிலர் 20,000 வரை போகிறார்கள். கடலில் போனவர்கள், வழியில் இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் ஆகியோரைச் சேர்த்தால் முதல் எண்ணிக்கை குறைவு என்பதே என் எண்ணம். அதற்காக இரண்டாவதை அப்படியே ஏற்கவும் போதுமான சான்று இல்லை. இறப்புகளில் பெரும்பகுதி குண்டால் நேர்ந்தவை இல்லை. காசநோயும் நிமோனியாவும் 1918-இன் கொள்ளைக் காய்ச்சலும்தான் அதிகம் கொன்றன. மிகப் பெரிய கல்லறைத்தோட்டம் நோயெல் ஊருக்கு அருகே நோலெத் என்ற குக்கிராமத்தில் இருக்கிறது. சீனப் பாணி நுழைவாயில், உள்ளே 840-க்குச் சற்று மேற்பட்ட வெள்ளைக் கற்கள். ஒவ்வொன்றிலும் எண், இறந்த தேதி, சீன எழுத்தில் பெயரும் ஊரும். கீழே ஆங்கிலத்தில் ஒரு வாசகம், ‘மரணம் வரை விசுவாசம்’ என்பது போல. அந்த வாசகங்கள் மொத்தம் நாலைந்துதான். அவையே கல்லுக்குக் கல் மாறி மாறி வருகின்றன. மற்ற பிரிட்டிஷ் கல்லறைகளில் வாசகத்தைத் தேர்ந்தது இறந்தவரின் குடும்பம். இங்கே குடும்பத்தை யாரும் கேட்கவில்லை.

பிரிட்டன் எடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் 1920-க்குள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிரான்ஸ் எடுத்தவர்களில் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் அங்கேயே தங்கினார்கள். சிலர் பிரெஞ்சுப் பெண்களை மணந்தார்கள். பாரிஸில் லியோன் ரயில்நிலையத்தை ஒட்டிய தெருக்களில் உருவான முதல் சீனக் குடியிருப்பு அவர்களுடையது. 1920-இல் பிரான்சுக்கு வந்த சீன மாணவர்கள், சூ என்லாயும் டெங் ஷியாவோபிங்கும் அவர்களில் இருந்தார்கள், முதலில் கண்ட சீனத் தொழிலாளர் கூட்டம் இதுதான். அந்தக் குடியிருப்பு இருந்த தெருவில் ஒரு கல்வெட்டு வைக்க 1988 ஆயிற்று. அவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் ஜு குய்ஷெங். இரண்டாம் உலகப் போரிலும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய அவர், 2002 மார்ச் மாதத்தில் லா ரொஷெல் நகரில் தம் 106-ஆம் வயதில் காலமானார். நோலெத் கல்லறைத்தோட்டத்தில், சீனர்கள் முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்யும் சிங்மிங் நாளையொட்டி முதல் அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது அதற்கு அடுத்த மாதம், ஏப்ரலில்.